உன் பேரைத் துடைத்த துணி

ஏளா, அந்தத் துணி இன்றைக்குக் கிழிந்து போனது.

எந்தத் துணி என்று உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நான் எடுத்து வந்தது. இறால் கம்பெனியில் போர்டு துடைக்க வைத்திருந்த துணி. முன்னே யாரோ ஒருத்தருடைய டர்க்கி டவலாக இருந்திருக்கும், ஓரத்தில் பச்சைக் கோடு. அதை என் வீட்டு வாசலில் கால்மிதியாகப் போட்டு வைத்திருக்கிறேன். மீன் தண்ணீரோடு வந்தாலும் சேற்றோடு வந்தாலும் அதில் இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்த பிறகுதான் உள்ளே நுழைவேன். இன்று காலையில் தேய்க்கும்போது நடுவில் இரண்டாகப் போய்விட்டது. என் மகள் கையில் எடுத்து, "பழசும்மா, தூரப் போட்டுருதேன்" என்றாள். "கீழ வை" என்றேன். நான் சொன்ன விதத்தில் பிள்ளை பயந்துவிட்டாள்.

அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பேப்பரை எடுத்தேன். உனக்கு வாசிக்கத் தெரியாது. என் எழுத்தும் அஞ்சாம் வகுப்பு எழுத்துதான். ஆனாலும் நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொல்லாமல் எனக்கு மனசு ஆறவில்லை.

நம் இரண்டு பேருக்கும் ஒரே பேர் வந்தது யார் குற்றமும் இல்லை. சவேரியார் திருநாளை ஒட்டிப் பிறந்த பெண் பிள்ளைக்கு நம் தெருவில் வேறு என்ன பேர் வைப்பார்கள்? திரேஸ்புரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு சவேரியம்மாள் தலையில்தான் விழும் என்று உன் அப்பா சொல்வார். அதற்குத்தானே பட்டப்பேர் இருக்கிறது. சங்கு குளிக்கப் போன உன் அப்பாவை நீ கரையில் நின்று கூப்பிட்டால் வள்ளம் வரைக்கும் கேட்கும். அதனால் நீ சங்குச் சவேரி. சின்ன வயதில் நண்டு கடித்து, கொஞ்ச நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்ததால் நான் நண்டுச் சவேரி. கோயிலில் ஞானஸ்நானத்துக்கு எழுதின பேர் கோயிலோடு இருந்தது. தெருவில் யார் நம்மைத் தேடி வந்தாலும் வீடு மாறிப் போனது கிடையாது.

புது ஹார்பர் வந்ததை ஒட்டி இறால் கம்பெனிகளும் வந்தன. உன் வீட்டுக்காரர் சூசை அண்ணன் கடலோடு போன பிறகு உனக்கென்று யாரும் இல்லை. "வாளா, ரெண்டு பேரும் போவோம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனது நீதான். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகத் தலை கிள்ளி, தோல் உரித்து, பேசின் பேசினாகக் கொண்டுபோய்க் கொடுப்போம். சுவரில் பெரிய கரும்பலகை. நெடுக்காகக் கோடு இழுத்து ஆளுக்கு ஒரு கட்டம். கட்டத்தின் தலையில் பேர். ஒரு பேசின் கொடுத்தால் பேருக்குக் கீழே ஒரு கோடு.

முதலில் அந்த போர்டைப் பார்த்துக்கொண்ட அண்ணாச்சி, நாம் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படியே பேரை எழுதுவார். நான் ஜன்னலோரம் என்பதால் என் கட்டம் இந்த ஓரம். நீ ஐஸ்பெட்டிப் பக்கம் என்பதால் உன் கட்டம் அந்த ஓரம். எழுத்துத் தெரியாதவர்கள்கூடத் தன் கட்டம் எதுவென்று தூக்கத்தில் கேட்டாலும் காட்டுவார்கள். "என் எடத்துல ஒரு கோடு கொறையுது அண்ணாச்சி" என்று நீ இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாய். "போட்டுருதேன் தாயி, காதக் கிழிக்காத" என்பார் அவர்.

அண்ணாச்சிக்கு உடம்பு முடியாமல் நின்றுவிட்டார். அவன் வந்தான்.

அவன் பேர் எனக்குத் தெரியும். இந்தப் பேப்பரில் அது வரக்கூடாது. சூப்பர்வைசர் என்று சொல்வோம். வெளியூர், காலேஜ் படிப்பு, மடிப்புக் கலையாத சட்டை. வந்த அன்றே, "இது என்ன சந்தை மாதிரி எழுதியிருக்கு? இனிமே அகர வரிசை. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் மாதிரி" என்றான். தினமும் காலையில் முழுசாகத் துடைத்து, வந்திருக்கிறவர்கள் பேரைக் கேட்டுக் கேட்டுப் புதிதாக எழுதுவான். ஒருத்தி வராவிட்டால் எல்லாருடைய கட்டமும் ஒரு இடம் நகரும். நீயும் நானும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் வந்தோம். "பலகையிலயாவது நம்மளச் சேத்து வச்சானே, புண்ணியவான்" என்று நீ சிரித்தாய்.

எனக்கு அன்றைக்கே மனசு சரியில்லை. அவனிடம் போனேன். "சார், ஒரே பேருல ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணு மேல சங்குன்னும் ஒண்ணு மேல நண்டுன்னும் எழுதிருங்க. கொழப்பம் வராது."

"சங்கு, நண்டு. அடுத்து என்ன, திமிங்கலமா? வெளிநாட்டுப் பார்ட்டி வந்து பாத்தா சிரிப்பான். இனிஷியல் சொல்லு."

"சூ."

"அவளுக்கு?"

"அவளுக்கும் சூ தான், சார்."

உன் வீட்டுக்காரர் சூசை, என் வீட்டுக்காரர் சூசைமரியான். நான் என்ன செய்ய? "உங்க ஊர்ல வேற பேரே கிடையாதா?" என்று சாக்பீஸை மேஜையில் போட்டான். கடைசியில் ஒன்றையும் சேர்க்காமல் வெறுமனே சவேரியம்மாள், சவேரியம்மாள் என்று இரண்டு கட்டம் எழுதிவிட்டுப் போனான்.

அந்த நாள் வந்தது. காலையில் எல்லார் பேரையும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்து போர்டைப் பார்த்தவனுக்கு ஒரே பேர் இரண்டு தடவை இருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. நான் முன்னே சொன்னதை மறந்து, தான்தான் கைத்தவறாக எழுதிவிட்டோம் என்று நினைத்திருக்கிறான். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணியை ஐஸ் தண்ணீரில் நனைத்து உன் கட்டத்தைத் துடைத்தான். அந்த நேரத்தில் பிந்தி வந்து நின்ற செல்வமேரியின் பேரை, காலியாய்க் கிடந்த அதே கட்டத்தில் எழுதினான். நாம் தலை குனிந்து இறால் உரித்துக்கொண்டிருந்தோம்.

நான் பேசினைக் கொண்டுபோய் "சவேரியம்மா" என்றேன். கோடு போட்டான். நீ கொண்டுபோய் "சவேரியம்மா" என்றாய். அதே கட்டத்தில் கோடு போட்டான். அவனுக்கு நம் முகம் தெரியாது, பேசின்தான் தெரியும். மத்தியானத்துக்குள் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் கோடு கீழே வரை இறங்கிவிட்டது. அப்போதுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. அடுத்து பேசினோடு வந்து நின்றது நீ.

"எந்த மனுஷியாலயும் இவ்வளவு உரிக்க முடியாது. உரிச்சு வச்சதுல இருந்து அள்ளிட்டு வந்து மறுபடி காட்டுறியா?"

"எனக்கும் இவளுக்கும் வேற வேற கட்டம், சார்."

"எங்க இருக்கு, காட்டு."

நீ போர்டைப் பார்த்தாய். பேரை உன்னால் வாசிக்க முடியாது. முந்தின நாள் உன் கட்டம் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டினாய்.

"அது செல்வமேரி" என்றான். சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது. "திருடுறதுக்கு முன்னாடி வாசிக்கவாவது கத்துக்கிட்டிருக்கணும்."

நான் எழும்பி வந்து, "நானும் சவேரியம்மாதான் சார், அதுல பாதிக் கோடு என்னோடது" என்றேன். "அப்ப ரெண்டு பேரும் கூட்டா?" என்றான். எமர்ஜென்சி காலம் என்பதை ஞாபகப்படுத்தினான், போலீஸ் என்றான். அத்தனை பேர் முன்னால் உன் மடியை உதறிக் காட்டச் சொன்னான். நீ உதறினாய். ஒரு வெற்றிலையும் வீட்டுச் சாவியும் விழுந்தன. அப்படியும் வெளியே போகச் சொன்னான்.

நானும் கையைக் கழுவிவிட்டு உன் பின்னால் வந்தேன். வாசலில் என்னைத் தடுத்தாய். "நீ வராத. ஒனக்குப் பிள்ளைய இருக்கு. இங்கனயே இருந்து, என்னக் கள்ளின்னு சொன்ன வாயால இல்லன்னு சொல்ல வைளா." அப்போது உன் சத்தம் சங்குச் சத்தமாக இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாய்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போனேன். எங்கே பிசகியது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. போர்டை அவன் இன்னும் துடைத்திருக்கவில்லை. ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்தது. ஈரத் துணியால் துடைத்த சாக்பீஸ் காய்ந்தால் வெள்ளையாகப் பூக்குமே, அப்படிச் செல்வமேரி என்ற எழுத்துக்கு அடியில் உன் பேர் பூத்துப்போய் நின்றது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். மாப்பிள்ளையூரணியிலிருந்து வரும் முத்துலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் மற்றவர்களைக் கூப்பிட்டாள். அவன் வந்ததும் எல்லாருமாக அவனுக்கும் காட்டினோம்.

அவன் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. முகம் வெளிறியதை நான் கண்டேன். புரியாமல் செய்திருந்தால் நான் என்றைக்கோ விட்டிருப்பேன், ஏளா. புரிந்த பிறகு அவன் என்ன செய்தான் தெரியுமா? துணியை இன்னொரு தடவை நனைத்து, அந்த இடத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தான்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேணும்னா அவளை வரச் சொல்லு. ஆனா இதப்பத்தி யாரும் பேசக்கூடாது" என்றான். உன்னிடம் வந்து சொன்னேன். நீ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். நிறுத்தவே இல்லை. "நாலு பேரு முன்னால கள்ளின்னான். நாலு பேரு முன்னால இல்லன்னு சொல்லட்டும். அதுக்குப் பொறவு வாரேன்." அவன் சொல்லவில்லை. நீயும் போகவில்லை. வேறு கம்பெனிகளில் கேட்டால் "அந்தச் சவேரியம்மாளா" என்று கதவைச் சாத்தினார்கள். ஆறுமுகநேரியில் உன் அத்தை மகள் வீட்டோடு போய் உப்பளத்தில் இறங்கினாய். வெயிலிலும் உப்பிலும் சரியான சாப்பாடு இல்லாமல் உனக்கு மஞ்சள் காமாலை கண்டது எங்களுக்குத் தெரிய வரும்போது உன்னைப் பெட்டியில் கொண்டுவந்துவிட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசினார்கள். "யாரு இது?" "இறால் கம்பெனியில கைவச்சாள்லா, அவ." மண் போடுகிறபோது அதைக் கேட்டேன். அழுகை அங்கேயே நின்றுபோனது. அதற்குப் பிறகு எனக்கு வந்தது வேறு.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நம் ஷெட்டுப் பெண்கள் எல்லாரும் நின்றோம். முத்துலட்சுமியும் வந்திருந்தாள். என்ன செய்வோம் என்று பேசினோம். யோசனை என்னுடையது. ஆனால் அதைக் கேட்டதும் முதலில் சிரித்தவள் முத்துலட்சுமி. "அவனுக்கு ஒரே பேரு ரெண்டு தடவ வந்தாப் புடிக்காதுல்லா?" என்றாள்.

அடுத்த நாள் கடலில் பாடு அதிகம். மேஜை நிறைய இறால் குவிந்து கிடந்தது. அவன் சாக்பீஸோடு போர்டு முன்னால் நின்றான்.

"பேரு?"

"சவேரியம்மா" என்றேன். எழுதினான்.

"அடுத்து."

"சவேரியம்மா" என்றாள் செல்வமேரி.

"நீ செல்வமேரில?"

"அது வீட்ல கூப்புடுதது, சார்."

அவன் என்னைப் பார்த்தான். எழுதினான். அதற்கு அடுத்தவளும் சவேரியம்மா. அதற்கு அடுத்தவளும். முத்துலட்சுமி முறை வந்தது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு போய் நின்று, "சவேரியம்மா" என்றாள்.

"ஏம்மா, நீ பொட்டு வச்சிருக்க."

"பொட்டு நெத்தியிலதான சார் இருக்கு. பேருலயா இருக்கு?"

போர்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் உன் பேர். நான் அன்றைக்கு அதைப் பார்த்த மாதிரி நீயும் பார்த்திருக்க வேண்டும், ஏளா. அவன் சாக்பீஸ் கையிலேயே நின்றது. "எல்லாம் ஒரே பேரா இருந்தா நான் யாருக்குன்னு கோடு போட?"

"ஒண்ண வச்சுக்கிட்டு மிச்சத்தத் துடைச்சிருங்க சார்" என்றேன். "ஒங்களுக்குத் துடைக்கத் தெரியும்லா."

யாரும் வேலையில் கை வைக்கவில்லை. ஐஸ் உருகி மேஜைக்கடியில் ஓடியது. இறாலின் தலை கருக்க ஆரம்பித்தது. வெளியே லாரி ஹாரன் அடித்தது. முதலாளி வந்தார். "என்னவே இது, என்ன கேக்காளுவ?" என்றார். நான் சொன்னேன். நீ செத்துப்போன விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரியும். தலை கருத்த இறால் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, "கேக்குததச் சொல்லித் தொலையும்வே. மால் நாறப்போகுது" என்றார். உனக்காக இல்லை, இறாலுக்காகத்தான் சொன்னார். எனக்கு அது போதும்.

அவன் ஐஸ்பெட்டி மேல் ஏறி நின்றான். நீ உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில். "அந்தப் பொம்பள திருடல" என்றான்.

"பேரச் சொல்லுங்க சார்."

"சவேரியம்மா திருடல."

"எந்தச் சவேரியம்மா?" என்றாள் முத்துலட்சுமி. "இங்கன நிக்கது எல்லாம் சவேரியம்மாதான்."

அவன் வாயைத் திறந்தான். திமிங்கலமா என்று கேட்ட வாய். "சங்குச் சவேரியம்மா திருடல. அவ பேர நான்தான் தெரியாம துடைச்சேன்."

"கேக்கல சார். மிஷின் ஓடுதுல்லா."

கத்திச் சொன்னான். கழுத்து நரம்பு புடைத்தது. நான் அந்த நரம்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு மனசு குளிர்ந்ததா என்று கேட்டால், குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ கூப்பிட்டால் கடலில் நிற்கிற வள்ளம் வரைக்கும் கேட்கும். அவன் கத்தியது கல்லறை வரைக்கும் போகவில்லை. அதனால் அதோடு விடக்கூடாது என்று தோன்றியது.

"இன்னொண்ணு இருக்கு" என்றேன். "தெனமும் ரெண்டு கட்டம் எழுதணும். ஒண்ணு நண்டுச் சவேரியம்மாள், ஒண்ணு சங்குச் சவேரியம்மாள். ஒங்க கையாலயே எழுதணும்."

"அவதான் இல்லையே."

"கட்டம் இருக்கட்டும்."

முதலாளி தலையை ஆட்டினார். அன்றையிலிருந்து அவன் அங்கே வேலை பார்த்த கடைசி நாள் வரைக்கும் தினமும் காலையில் உன் பேரை எழுதினான். நான் ஜன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லார் கட்டத்திலும் கோடு ஏறும். உன் கட்டம் வெறுமனே நிற்கும். வெளியிலிருந்து பார்ட்டி வந்தால், "ஒரு கோடுகூட இல்லையே, யாரு இது?" என்று கேட்பார்கள். "லீவு" என்பான். அதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்ப மாட்டான்.

அவன் பெட்டி கட்டிக்கொண்டு போன அன்று ஆணியில் தொங்கிய துணியை மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கம்பெனியிலிருந்து நான் எடுத்த ஒரே பொருள் அதுதான். என் மடியை யாரும் உதறச் சொல்லவில்லை.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொன்னேன். "மன்னிச்சிருமா, மனசுல வச்சிக்கிடாத" என்றார் பங்குச் சாமியார். "மன்னிக்க வேண்டியவ கல்லறையில கெடக்கா சாமி. அவ சொத்த நான் எடுத்துக் குடுக்க முடியுமா?" என்றேன். அவர் செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். உனக்காகச் சொன்னேன், அவனுக்காக இல்லை.

போன மாதம் அவனைப் பார்த்தேன். நான் இப்போது மீன் விற்கிறேன், உனக்குத் தெரியாது. சந்தையில் பையோடு வந்து என் முன்னால் நின்றான். தலை நரைத்திருந்தது. சீலா என்ன விலை என்று கேட்டுவிட்டு என்னை உற்றுப் பார்த்தான். "உங்கள எங்கயோ பாத்திருக்கேன். பேரு என்ன?"

"சவேரியம்மா."

"எந்தச் சவேரியம்மா?"

"நீங்க துடைச்ச சவேரியம்மா."

மீனை எடுத்த கை அப்படியே கீழே வைத்தது. ஒன்றும் வாங்காமல் போனான். முதுகு மறைகிற வரைக்கும் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை. உன் பேரும் என் பேரும் ஒன்றுதானே. இப்போது தெருவில் யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் உடனே திரும்புவதில்லை. முதலில் நீ பதில் சொல்ல இடம் விடுகிறேன். சத்தம் வரவில்லை என்றால்தான், என்னளா என்று இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கேட்கிறேன்.

துணியைத் தைத்துவிட்டேன். வீட்டுக்காரர் வலைக்கு வாங்கி வைத்திருந்த நூலால், நெருக்கமாக. நைலான் நூல், உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் மக்காது. திரும்பவும் வாசலில் விரித்துப் போட்டிருக்கிறேன். இப்போது சந்தைக்குக் கிளம்புகிறேன். வரும்போது கால் நிறைய மீன் தண்ணீர் இருக்கும்.